வெளியே காத்திருப்பவர்களுக்கும் துணை வேண்டும்: நோயாளியின் குடும்பத்துக்கான மன, ஆன்மிக ஆதரவு

ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் கேஸ் ஷீட்டில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். காய்ச்சல், ரத்த அழுத்தம், மருந்து எல்லாம் அந்தப் பெயருக்குக் கீழேதான் எழுதப்படும். வெளியே நாற்காலியில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மனைவி, மகன், அக்கா பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. ஆனால் அவர்களும் பெரிய நெருக்கடிக்குள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்படும் மன ஆதரவு, ஆன்மிக ஆதரவு என்றால் என்ன, அதை யார் தருவது, எப்படித் தருவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இதைப் பற்றி முன்பின் தெரியாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குத் தரும் ஆதரவில் பெரும்பங்கு இரண்டே வேலைகள்: அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, நிலைமையை அவர்களுக்குப் புரியும்படி உண்மையாகச் சொல்வது. ஆறுதல் வார்த்தைகள் அதற்கு அப்புறம்தான்.

காத்திருப்பவர்களுக்கு என்ன ஆகிறது

உடல் அளவில் பார்த்தாலே பாதிப்பு தெரியும். தூக்கம் கெடுகிறது, சாப்பாடு நேரம் தவறுகிறது, தங்களுடைய மாத்திரைகளை மறந்துவிடுகிறார்கள். போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. இதற்கு நடுவில்தான் கையெழுத்துப் போட வேண்டும், பணம் புரட்ட வேண்டும், உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், வீட்டில் இருக்கும் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிப்பதா, வென்டிலேட்டர் வைப்பதா போன்ற வாழ்நாள் முழுவதும் நினைவில் நிற்கும் முடிவுகளை, இரண்டு நாள் தூங்காத மூளையோடு எடுக்க வேண்டியிருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவரின் குடும்பத்தாருக்குப் பின்னாளில் வரும் பதற்றம், மனச்சோர்வு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் ஆகியவற்றை மருத்துவ உலகம் இப்போது சேர்த்து ஒரு பெயரிட்டு அழைக்கிறது. 'பிக்ஸ்-எஃப்' என்பது அதன் சுருக்கம். கடைசியில் வரும் 'எஃப்' குடும்பத்தைக் குறிக்கும். தீவிர சிகிச்சை நிபுணர்கள் கூடிப் பேசி 2012-ல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலானது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நோயாளி குணமாகி வீடு திரும்பிய குடும்பத்திலும் இது வருகிறது என்பதுதான். "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்குப் பயப்படறே?" என்று கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

உயிருக்கே பாதிப்பு வரலாம் என்பதற்கும் சான்று உண்டு. நோயுற்ற வாழ்க்கைத் துணையைக் கவனித்துக்கொண்ட முதியவர்களை ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இருவர் அமெரிக்காவில் ஆராய்ந்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கவனிப்பதில் மன அழுத்தத்தை உணர்ந்தவர்கள் நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, அப்படிக் கவனிக்கும் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. கவனித்துக்கொண்டும் அழுத்தத்தை உணராதவர்களிடம் இந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஆகவே கவனிப்பு என்ற வேலையைக் குறை சொல்ல முடியாது. அதைத் தனியாகச் சுமக்க விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்றும் நடக்கிறது. ஆள் உயிரோடு இருக்கும்போதே துக்கம் தொடங்கிவிடும். 1944-ல் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் இதை விவரித்தார். போருக்குப் போனவர்களின் குடும்பங்கள், அவர்கள் திரும்பி வருவதற்கு முன்பே இழப்பின் எல்லாக் கட்டங்களையும் மனதுக்குள் கடந்துவிடுவதை அவர் கண்டார். மருத்துவமனையிலும் இதேதான். அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்துவிடுகிறாள். உடனே, "சே, நானே இப்படி நினைக்கலாமா?" என்ற குற்ற உணர்ச்சியும் வந்துவிடுகிறது. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இப்படி நினைப்பு வருவது இயல்பு, இதனால் அன்பு குறைந்துவிட்டது என்று ஆகாது.

மனம் ஒரு பக்கம், ஆன்மா ஒரு பக்கமா?

மன ஆதரவு என்றால் ஓரளவு புரிகிறது. பயம், கோபம், அழுகை, குழப்பம் இவற்றுக்கு இடம் கொடுப்பது. ஆன்மிக ஆதரவு என்றதும் பலர் பிரார்த்தனை, சடங்கு, மதபோதனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவையும் அதில் அடங்கும், ஆனால் விஷயம் அதைவிடப் பெரியது.

நோய் ஒரு குடும்பத்துக்குள் நுழைந்ததும் சில கேள்விகள் எழும். ஏன் எங்களுக்கு? நாங்கள் என்ன தப்பு செய்தோம்? இத்தனை வருடம் கும்பிட்டதற்கு இதுதானா பலன்? இவர் இல்லாமல் நான் யார்? இந்தக் கேள்விகளுக்கு மருந்து கிடையாது, ரத்தப் பரிசோதனையில் விடையும் வராது. கடவுளை நம்புகிறவருக்கும் இவை வரும், நம்பாதவருக்கும் வரும். வாழ்க்கைக்கு என்ன பொருள், நான் யாரோடு சேர்ந்தவன், யாரை மன்னிக்க வேண்டும், எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ற தேடல் முழுவதையும் ஆன்மிகம் என்ற சொல்லுக்குள் வைத்துத்தான் மருத்துவப் பராமரிப்பில் பேசுகிறார்கள்.

இந்தப் பார்வைக்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற ஹாஸ்பிஸை, அதாவது குணமாக வாய்ப்பில்லாதவர்களைக் கடைசிக் காலத்தில் கவனித்துக்கொள்ளும் இல்லத்தைத் தொடங்கினார். நோயாளியின் வலியை உடல் வலியாக மட்டும் பார்க்கக் கூடாது, அதில் மனவலி, குடும்பமும் பணமும் சார்ந்த சமூக வலி, ஆன்ம வலி எல்லாம் பின்னிக் கிடக்கின்றன என்று அவர் வலியுறுத்தினார். 'முழு வலி' என்று அதை அழைத்தார். அங்கே குடும்பமும் கவனிப்புக்கு உரியதாகவே கருதப்பட்டது. இன்று உலக சுகாதார நிறுவனம் பாலியேட்டிவ் கேர் எனும் வலி தணிப்புப் பராமரிப்பை வரையறுக்கும்போதும் நோயாளியோடு குடும்பத்தையும், உடலோடு மனதையும் ஆன்மிகத்தையும் சேர்த்தே சொல்கிறது.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே நீக்கிவிட வேண்டும். பாலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் இல்லை. கடுமையான நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே, நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்த்து இதையும் தரலாம். அந்தப் பெயரைக் கேட்டதும் பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடும் குடும்பங்கள், தங்களுக்கு வரவேண்டிய உதவியையும் சேர்த்தே இழக்கின்றன.

யாரிடம் போவது

பல மருத்துவமனைகளில் சாப்ளின் என்று ஒருவர் இருப்பார். ஆன்மிகத் துணைக்கென்றே பயிற்சி பெற்றவர். இந்தப் பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்க மதகுரு, தாமே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925-ல் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைக் கூட்டிவந்து பயிற்சி கொடுத்தார். நூல்களைப் படிப்பதுபோலவே துன்பத்தில் இருக்கும் மனிதரையும் உட்கார்ந்து கவனமாகப் படிக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. நல்ல சாப்ளின் உங்களை எந்த மதத்துக்கும் இழுக்க மாட்டார். உங்கள் நம்பிக்கை எதுவோ, அதற்குள் நின்று பேசுவார். நம்பிக்கையே இல்லை என்றாலும் பேசுவார்.

சாப்ளின் இல்லாத இடங்களில் மருத்துவச் சமூகப் பணியாளர், கவுன்சலர், மனநல மருத்துவர், பாலியேட்டிவ் குழு இவர்களில் யாராவது இருக்கக்கூடும். வார்டு செவிலியரிடம் "எங்க குடும்பத்துல இருக்கறவங்க மனசு விட்டுப் பேசறதுக்கு இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாலே போதும். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் மதத்தின் குருவை வரவழைக்கலாமா, எந்த நேரத்தில், எத்தனை பேர் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஆதரவு தருபவர் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது? கிறிஸ்டினா புஹால்ஸ்கி என்ற மருத்துவர் 1990-களில் இதற்கென ஓர் எளிய கேள்வி முறையை உருவாக்கினார். அது நான்கு விஷயங்களைக் கேட்கிறது. உங்களுக்குத் தெம்பு தரும் நம்பிக்கை எது? உங்கள் வாழ்க்கையில் அதற்கு எவ்வளவு இடம்? உங்களைத் தாங்கும் கூட்டம் யார்? இதை நாங்கள் சிகிச்சையில் எப்படி மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்? மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்பதற்காக வந்த கேள்விகள் இவை. ஆனால் ஒரு நண்பர் குடும்பத்தினரிடம் கேட்கவும் பொருத்தமானவை. கவனித்துப் பாருங்கள், இவற்றில் ஒன்றுகூட அறிவுரை இல்லை.

உண்மையைச் சொல்வதும் ஓர் ஆதரவுதான்

இந்த விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு, பத்து ஆறுதல் பேச்சைவிடத் தெளிவான ஒரு விளக்கம் பெரிய நிம்மதி.

நான்சி மோல்ட்டர் என்ற செவிலியர், ஆபத்தான நிலையில் இருந்த நோயாளிகளின் உறவினர்கள் 40 பேரிடம் அவர்களுக்கு எது மிக முக்கியம் என்று கேட்டு 1979-ல் எழுதினார். நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது என்று உணர வேண்டும் என்பதுதான் முதலில் வந்தது. கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும் என்பதும் முன்வரிசையிலேயே இருந்தது. இரண்டும் முரண் மாதிரி தோன்றும். குடும்பங்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. பொய் கலந்த நம்பிக்கையை அவர்கள் கேட்கவில்லை.

பிரான்ஸில் 22 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. உயிர் பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளின் குடும்பங்களில் ஒரு பாதியினருடன் வழக்கம்போலப் பேசினார்கள். மறு பாதியினருடன் முறையாகத் திட்டமிட்டுப் பேசினார்கள். அவர்கள் சொல்வதை மதிப்பது, உணர்ச்சியை ஏற்றுக்கொள்வது, கேட்பது, நோயாளி எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிந்துகொள்வது, கேள்வி கேட்கத் தூண்டுவது என்று அந்தச் சந்திப்பு அமைந்தது. துக்கத்தைப் பற்றிய ஒரு கையேடும் கொடுத்தார்கள். வழக்கமான சந்திப்பு சுமார் 20 நிமிடம், அதில் குடும்பம் பேசியது 5 நிமிடம். திட்டமிட்ட சந்திப்பு 30 நிமிடம், அதில் குடும்பம் பேசியது 14 நிமிடம். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இரண்டாவது பிரிவினரிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிர்ச்சியின் அறிகுறிகளும் குறைவாக இருந்தன. கூடுதலாகக் கொடுத்த பத்து நிமிடமும் கிட்டத்தட்ட முழுவதுமாகக் குடும்பம் பேசுவதற்கே போயிருக்கிறது.

எல்லா முயற்சியும் இப்படிப் பலன் தருவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் குடும்பங்களை பாலியேட்டிவ் நிபுணர்கள் தனியாகச் சந்தித்து விளக்கமும் ஆதரவும் தந்தார்கள். பதற்றமோ மனச்சோர்வோ குறையவில்லை. அதிர்ச்சி அறிகுறிகள் சற்றுக் கூடவும் செய்தன. தினமும் பார்க்கும் சிகிச்சைக் குழுவுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் கனமான செய்தியைச் சொல்வது வேறு மாதிரி விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதரவுக்கென்று தனியாக ஆள் வைத்துவிட்டோம் என்று மருத்துவர் ஒதுங்கிவிட முடியாது.

குடும்பத்தின் பக்கத்தில் செய்யக்கூடியது: மருத்துவரிடம் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டுவந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், பதிலையும் எழுதுங்கள். பயத்தில் கேட்டது மனதில் நிற்காது. புரியாவிட்டால், "எங்களுக்குப் புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பது உங்கள் உரிமை.

பார்க்க வருபவர்கள் கவனத்துக்கு

நல்ல மனதோடு வருபவர்கள்தான் பெரும்பாலும் காயப்படுத்துகிறார்கள். "எல்லாம் விதி", "கடவுள் சோதிக்கிறார்", "நல்லவங்களுக்குத்தான் இப்படி வரும்" என்பவை அந்தக் குடும்பம் தானாகச் சொல்லிக்கொண்டால் அவர்களுக்குத் தெம்பு. அடுத்தவர் வாயிலிருந்து வந்தால், வாயை மூடு என்று சொல்வதுபோல ஆகிவிடுகிறது. 'ஏன் எங்களுக்கு?' என்று ஒருவர் கேட்கும்போது அவர் பெரும்பாலும் விடையைக் கேட்கவில்லை. அந்த வலியை ஒருவர் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். "எனக்கும் புரியல. உன்கூட இருக்கேன்" என்றால் போதும். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரிதான்.

"முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லவே கூடாது. அதை அந்தக் குடும்பம் தனக்குத் தானே இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். அதே நோய் வந்து இறந்த வேறொருவரின் கதையும் வேண்டாம், கேள்விப்பட்ட கைமருந்தும் வேண்டாம்.

பிரார்த்தனை செய்ய விரும்பினால் முதலில் கேளுங்கள்: "உங்களுக்காக இங்கேயே வேண்டிக்கட்டுமா, இல்ல வீட்ல வேண்டிக்கட்டுமா?" வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். கடவுள்மேல் கோபமாக இருப்பவரிடம் கடவுளுக்காக வாதாடப் போக வேண்டாம். அந்தக் கோபமும் அவருடைய நம்பிக்கையின் ஒரு பகுதிதான்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் களைத்துப்போனவருக்கு, என்ன வேண்டும் என்று யோசிப்பதே ஒரு வேலை. "நாளைக்குச் சாயங்காலம் நான் வந்து உட்கார்றேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று சொல்பவர் உண்மையிலேயே உதவுகிறார்.

உள்ளே இருப்பவரோடு

நோயாளியிடம் நோயைச் சொல்லலாமா என்ற கேள்வியில் குடும்பங்கள் மிகவும் தவிக்கின்றன. மருத்துவமனைகளில் சாவைச் சுற்றி நடக்கும் பேச்சை 1960-களில் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் கவனித்தார்கள். இரு தரப்புக்கும் உண்மை தெரியும், இரு தரப்பும் தெரியாததுபோல நடிக்கும் ஒரு நிலையை அவர்கள் பதிவு செய்தார்கள். அப்பாவுக்கு மகன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. மகனை நோகடிக்கக் கூடாது என்று அவரும் பேசாமல் இருக்கிறார். கடைசியில் சொல்ல வேண்டியது எதையும் சொல்லாமலே போய்விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "உங்களுக்கு என்ன தோணுதுப்பா? டாக்டர் சொன்னதைத் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டால் போதும், எவ்வளவு தெரிந்துகொள்வது என்பதை அவரே சொல்வார். நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் கதவு அப்படித்தான் திறக்கும்.

நினைவில்லாமல் இருப்பவரிடமும் பேசலாம். கனடாவில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், இறக்கும் தறுவாயில் எந்த அசைவும் காட்டாத சிலரின் மூளை ஒலி மாற்றங்களுக்கு எதிர்வினை காட்டியது பதிவானது. சொன்னது அவர்களுக்குப் புரிந்தது என்று இதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு பேரக்குழந்தையின் சேட்டையைச் சொல்வதில் எந்த நட்டமும் இல்லை. பேசுகிறவருக்கும் அது தேவை. தொடலாமா, எங்கே தொடலாம் என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குழாய்களைப் பார்த்துப் பயந்து விலகி நிற்க வேண்டாம்.

சில தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து டைரி எழுதுகிறார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய பழக்கம் இது. இன்று யார் வந்தார்கள், என்ன சிகிச்சை நடந்தது, வெளியே மழை பெய்ததா என்று சில வரிகள். நினைவு திரும்பிய நோயாளிக்குத் தொலைந்துபோன நாட்கள் அதில் கிடைக்கின்றன. அதிர்ச்சி அறிகுறிகளை இது குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் எழுதுவது, காத்திருப்பவரின் கைக்கு ஒரு வேலை தருகிறது. மருத்துவமனை தராவிட்டாலும் ஒரு நோட்டை வாங்கி நீங்களே தொடங்கலாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடமும் எளிய சொற்களில் உண்மையைச் சொல்லுங்கள். "பாட்டி தூங்கறாங்க" போன்ற மறைப்பு பிறகு அவர்களுக்குத் தூக்கத்தின்மேலேயே பயத்தைக் கொடுத்துவிடலாம். பாட்டிக்கு வந்த நோய் தன் பிடிவாதத்தாலோ கோபத்தாலோ வந்ததில்லை என்பதையும் குழந்தை வாய்விட்டுக் கேட்க வேண்டும். சின்னக் குழந்தைகள் பலர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

கூட இருப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது

முறை போட்டு இருங்கள். ஒருவரே எல்லா இரவும் இருப்பது நோயாளிக்கும் நல்லதில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவதை யாரும் துரோகம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அவர் உயிர் பிரிந்துவிட்டால்கூட, அது உங்கள் தவறு ஆகாது. இந்தக் குற்ற உணர்ச்சியை ஆண்டுக்கணக்கில் சுமப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்குப் பழக்கமான ஆன்மிக வழக்கம் எதுவோ, அதைச் சின்ன அளவிலாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஜெபம், தியானம், ஒரு பாட்டு, நாலு பக்கம் வாசிப்பு, பத்து நிமிட நடை, எதுவானாலும் சரி.

நோயாளி வீடு திரும்பி அல்லது இறந்து சில வாரங்கள் ஆன பிறகும் தூக்கமே வரவில்லை, மருத்துவமனைக் காட்சிகள் கண்முன் வந்துகொண்டே இருக்கின்றன, அன்றாட வேலை ஓடவில்லை, குடித்துத்தான் இரவைக் கடக்க வேண்டியிருக்கிறது என்றால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லி உதவி பெறுங்கள். இறந்தவரின் சிகிச்சை பற்றி மனதில் கேள்வி உறுத்திக்கொண்டிருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவரிடம் நேரம் கேட்டு மறுபடி ஒருமுறை போய்ப் பேசலாம். அப்போது என்ன நடந்தது, வேறு வழி இருந்ததா என்று நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தனியாகப் போகாமல், அந்த நாட்களில் உங்களோடு இருந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.